மெட்டு ஏறும் மாப்பிள்ளை

1984 ஏப்ரல் 8

சுருளிவேலுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. எனக்கும் தொற்றிக்கொண்டது.

ஏதோ ஒரு பழைய வாரப் பத்திரிகையில் படித்தானாம். வெளிநாட்டில் ஒரே நாளில் கடலில் நீந்தி, கரையேறி சைக்கிள் மிதித்து, அதோடு விடாமல் ஓடவும் செய்கிறார்களாம். நடுவில் உட்கார்ந்து ஒரு டீ கூடக் கிடையாதாம். தன் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டே சொன்னான். "அவனுக்குக் கடலு இருந்தா நமக்குக் கண்மாய் இருக்குடா கலீபு. அவனுக்கு இருக்குற காலு நமக்கு இல்லையா?"

ஆகஸ்டு பதினைந்தாம் தேதி எங்கள் வாலிபர் மன்றம் நடத்தும் மூன்றும் சேர்ந்த பந்தயம். கண்மாயை நீந்திக் கடக்க வேண்டும். அங்கிருந்து சைக்கிளில் மலை உச்சியில் இருக்கும் போடிமெட்டு. மெட்டிலிருந்து பழைய நடைபாதை வழியாக அடிவாரத்து முந்தல் வரைக்கும் இறங்கி ஓட வேண்டும். மன்றத்துச் செயலாளர் என்பதால் சுருளியே நடுவர். மலையிலிருந்து ஏன் சைக்கிளிலேயே இறங்கக் கூடாது என்று கேட்டேன். "பாதி வண்டியில பிரேக்கு கிடையாது. பொணம் தூக்க என்னால ஆகாது" என்றான்.

முதல் பெயராக என் பெயரை எழுதச் சொன்னேன். ஏலக்காய்க் கடையில் உட்கார்ந்து உட்கார்ந்து தொப்பை எட்டிப் பார்க்கத் தொடங்கிய ஆளுக்கு என்ன திமிர்! கடைக்குத் திரும்பும்போது ஒரு காரணமும் இல்லாமல் ஓடியே போனேன். அத்தா மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "என்னடா, எங்கயாச்சும் தீப் பிடிச்சிருச்சா?"

ஏப்ரல் 13

கண்மாயில் முதல் நாள் நீச்சல். என்னோடு இறங்கிய எருமை எனக்கு முன்னால் அக்கரை சேர்ந்துவிட்டது.

ஏப்ரல் 22

மெட்டு! இன்று மெட்டுக்கு!

நம் ஊரில் சைக்கிளில் மெட்டு ஏறுவது என்றால் அதற்கு ஒரே முறைதான் உண்டு. முந்தலில் காத்திருந்து, மெதுவாக ஏறும் லாரியோ ஜீப்போ வந்ததும் ஒரு கையால் பின்பக்கத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். டிரைவர் திட்டமாட்டார். ஜீப்பில் எஸ்டேட்டுக்குப் போகும் பெண்கள் இருந்தால் அவர்களே கையை நீட்டுவார்கள். பேப்பர் போடுகிறவர், பால்காரர், தோட்டம் தோட்டமாகக் காய் பார்க்கப் போகும் நான், எல்லோரும் இப்படித்தான் ஏறுகிறோம். ஒருத்தன் தானாக மிதித்து ஏறினால் டிரைவரோடு அவனுக்குச் சண்டை என்று அர்த்தம்.

இன்று பிடிக்காமல் ஏறினேன். கூட உக்கிரபாண்டி. பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகிதன், கிணற்றுப் பாசனத்தில் வாழை போடுகிறான், தொடை இரண்டும் வாழைமரம்தான். நாலாவது வளைவில் பின்னால் லோடு லாரி முனகிக்கொண்டு வந்தது. நான் நினைக்கவே இல்லை, என் வலது கை தானாக எழுந்துவிட்டது. பாண்டி பளீரென்று அடித்தான். "கையை மடிச்சு வை மாப்ளே. பந்தயத்துல பிடிச்சா செல்லாது."

ஏழாவது வளைவு வரை மிதித்தேன். அதற்கு மேல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். மேலே போய்ச் சேர்ந்தபோது மேகம் ரோட்டின் மேலேயே படுத்துக் கிடந்தது. சட்டையைக் கழற்றிவிட்டு அதற்குள் நின்றேன். குளிர் தாங்காமல் சிரிப்பு வந்தது. டீக்கடைச் சேட்டன் இரண்டு கிளாஸை நீட்டி, "எந்தா மோனே, வட்டாயோ?" என்றார். பைத்தியமா என்று கேட்கிறார். ஆமாம் சேட்டா, முழுப் பைத்தியம்.

மே 6

கம்பத்தில் கமர்நிசா அக்கா வீடு. அக்கா பிரியாணிக்கு வரச் சொன்னாள் என்று நம்பிப் போனேன். போன பிறகுதான் தெரிந்தது, பிரியாணி ஒரு சாக்கு.

கனி ராவுத்தர் மகள் மதீனா. கனி ராவுத்தரை எனக்குத் தெரியும். கம்பத்தில் பெரிய ஏலக்காய் வியாபாரி, அத்தாவிடம் சரக்கு எடுப்பவர். அவருக்கு மகள் இருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது, அல்லது இப்படி ஒரு மகள் என்பது தெரியாது. அக்காவிடம் தையல் மிஷினுக்கு ஊசி வாங்க வந்தவள் மாதிரி வந்தாள். நான் தண்ணீர் குடிக்க எழுந்தவன் மாதிரி எழுந்தேன். நடுவில் அக்கா ஒன்றும் தெரியாதவள் மாதிரி வெங்காயம் உரித்தாள்.

"ஓடுறீகளாமே" என்றாள். ஆமாம் என்றேன். "யாரு வெரட்டுறாக?"

நான் என்ன பதில் சொன்னேன்? ஒன்றும் சொல்லவில்லை! வெட்டிப் பேச்சு மொத்தமும் பேசுகிற வாய், அங்கே போய் ஒட்டிக்கொண்டது. அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு போய்விட்டாள். ஊசியை வாங்கவே இல்லை.

திரும்பும்போது பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். உட்கார இடம் இருந்தது. உட்கார முடியவில்லை.

மே 13

நிச்சயம் ஆகிவிட்டது!!

இரண்டு அத்தாக்களும் கைகுலுக்கிச் சர்க்கரை கொடுத்து முடித்துவிட்டார்கள். பக்ரீத் கழிந்து நிக்காஹ். தேதி மட்டும் பிறகு குறிப்பது. கனி மாமு ஒரே ஒரு பேச்சுத்தான் பேசினார். அதுவும் என்னைப் பார்த்து இல்லை, தட்டில் இருந்த பேரீச்சம்பழத்தைப் பார்த்து. "மாப்பிள்ளை ஓடுறாராம், நீந்துறாராம். நல்லதுதான். நிக்காஹ் ஆகுற வரைக்கும் ஓடட்டும். அதுக்கப்புறம் அரை டவுசரோட ரோட்டுல வேணாம். எனக்கு கம்பத்துல நாலு பேரு முகத்துல முழிக்கணும்."

அப்படியானால் ஆகஸ்டு பதினைந்துதான் முதல் பந்தயம், அதுவே கடைசிப் பந்தயமும். சரி. ஒன்றே ஒன்று, அதை நன்றாக ஓடிவிட்டுப் போகிறேன்.

மே 20

விழுந்துவிட்டேன்.

மெட்டிலிருந்து நடைபாதையில் இறங்கி ஓடிக்கொண்டிருந்தேன். நல்ல வேகம். பாறையில் நேற்றைய மழை ஈரம். இடது கால் ஒரு பக்கம் போனது, முழங்கால் வேறு பக்கம் போனது. பாண்டி என்னை முதுகில் தூக்கிக்கொண்டு முந்தல் வந்தான். வழியெல்லாம், "எங்கப்பன் இந்தப் பாதையில சுமந்த மூட்டையே தேவலை, பேசாம வரும்" என்று திட்டிக்கொண்டே வந்தான். வலியிலும் சிரித்தேன்.

மே 21

தேனி டாக்டர் அமுக்கிப் பார்த்தார். எலும்பு முறியவில்லை. உள்ளே சவ்வு இழுபட்டிருக்கிறதாம். "மருந்து ஒண்ணும் பெருசா இல்லப்பா. ஓய்வு. ஒரு மாசமாவது ஓய்வு. இருப்பியா?" என்றார்.

இருப்பேன் என்று தலையாட்டினேன். பக்கத்தில் நின்ற அம்மா, "இவனா?" என்றாள்.

மே 24

ஊரில் இத்தனை வைத்தியர்கள் இருப்பது எனக்கு இதுவரை தெரியாது. கடைக்குக் காய் கொண்டுவருபவர்கள் எல்லாம் முழங்காலுக்கு ஒரு வைத்தியம் சொல்லிவிட்டுத்தான் காயைக் கொட்டுகிறார்கள். நேற்று ஒருவர் பேச்சைக் கேட்டு, முட்டை வெள்ளைக்கருவில் உளுந்துமாவைக் குழைத்துக் கட்டினேன். தெரு நாய் ஒன்று கடை வாசலிலேயே என் முழங்காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

மே 29

டேய் கலீபு, உனக்கு அறிவு இருக்காடா?

வலி குறைஞ்சிருச்சு, ஒரு எட்டு ஓடிப் பாப்போம்னு உன்னை யாருடா கேட்டா? டாக்டர் என்ன சொன்னாரு? ஒரு மாசம்னு சொன்னாரா, ஒரு வாரம்னு சொன்னாரா? வெரசா ஓடிப் போயி என்னத்தைக் கண்டே? ரயில்வே ஸ்டேஷன் தாண்டுறதுக்குள்ள முழங்கால் பலாப்பழமா வீங்கிப்போச்சு. மாட்டு வண்டியில ஏறி வீட்டுக்கு வந்த லட்சணத்தை ஊரே பார்த்துச்சு. 

அத்தா ஒன்றும் திட்டவில்லை. என் சைக்கிளிலிருந்து செயினைக் கழற்றிக் கல்லாப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

ஜூன் 2

நோன்பு பிறந்துவிட்டது. இன்று முதல் நாள்.

பகல் முழுவதும் தண்ணீர் கூடக் கிடையாது என்றால் யார் மலை ஏறுவது? டாக்டர் சொல்லிக் கேட்காதவன், அம்மா கெஞ்சிக் கேட்காதவன், இன்று தானாகப் பாயில் படுத்துக் கிடக்கிறேன். சும்மா படுத்திருக்கும்போது காதில் என்னென்னவோ கேட்கிறது. கடைக்குள் பெண்கள் காயைச் சல்லடையில் சலிக்கும் சத்தம், கூரையில் அணில், மதுரை ரயில் புறப்படும்போது ஊதுவது. இத்தனை நாள் இதெல்லாம் எங்கே இருந்தது?

ஜூன் 9

பள்ளிவாசலில் நோன்பு இரவுகளில் தராவீஹ் தொழுகை. நீளமான தொழுகை. முழங்காலை மடக்கி எழ முடியாததால் நான் மட்டும் உட்கார்ந்தபடியே தொழுகிறேன். என் வரிசையில் உட்கார்ந்து தொழுகிற மற்ற மூன்று பேருக்கும் பல் கிடையாது.

ஜூன் 14

அக்கா கம்பத்திலிருந்து வந்திருக்கிறாள். பிரியாணியும் இல்லை, சிரிப்பும் இல்லை.

போடியில் யாரோ பார்த்துவிட்டுக் கம்பத்தில் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். மாப்பிள்ளை பள்ளிவாசலில் உட்கார்ந்து தொழுகிறார். கம்பத்துக்குப் போய்ச் சேருவதற்குள், மாப்பிள்ளைக்கு எழுந்து நிற்கவே வராது என்று ஆகிவிட்டது. கனி மாமு வீட்டில் யாரோடும் பேசாமல் இருக்கிறாராம். "நொண்டிக்கு என் மகளைக் குடுக்கவா" என்று ஒரே ஒரு தரம் கேட்டாராம்.

எனக்கு அழுகை வந்தது. சட்டென்று வந்துவிட்டது, அக்கா முன்னாலேயே. இந்தப் பாழாய்ப்போன பந்தயம் இல்லாவிட்டால் காலும் போயிருக்காது, அவளும் — எழுத மாட்டேன்.

அக்கா என் தலையில் தட்டினாள். "மதீனா சொல்லிவிட்டதையும் கேட்டுக்க. உக்காந்து தொழுதா என்ன, படைச்சவனுக்குக் காலு வலி தெரியாதா, நல்லா படுத்து ஓய்வு எடுக்கச் சொல்லுங்கன்னுச்சு." 

உடனே போய்ப் படுத்துக்கொண்டேன்.

ஜூன் 21

கனி மாமு நோன்பு திறக்க எங்கள் வீட்டுக்கு வந்தார். முன்கூட்டிச் சொல்லாமல் வந்தார். காலைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் விலைவாசி பற்றிப் பேசினோம்.

கஞ்சிச் சட்டியை அடுப்படியிலிருந்து கொண்டுவரும் பொறுப்பை அம்மா என்னிடம் கொடுத்தாள். நேராக நடந்தேன். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. மாமு கஞ்சியைப் பார்க்கவே இல்லை, முழங்காலைத்தான் பார்த்தார். தொழுது முடித்ததும், "மாடியில நல்ல காத்து வரும்போல. போவமா மாப்ளே?" என்றார்.

எங்கள் மாடிப்படி ஏணி மாதிரி செங்குத்து. நான் முன்னால், அவர் பின்னால். முழங்கால் சுருக்கென்று குத்தியபோதெல்லாம் வாயிலிருந்து "ஸ்ஸ்" வராமல் இருக்க, சத்தமாக எதையாவது பேசினேன். "ஸ்ஸ்... சரக்கு இந்த வருசம் எப்படி மாமு! ஸ்ஸ்... சாரல் வந்துருச்சா மாமு!" 

மேலே போய் அவர் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். "நான் சுத்தி வளைச்சுப் பேசுறவன் இல்ல. படி ஏறுனதெல்லாம் கணக்கு இல்ல மாப்ளே. பதினஞ்சாம் தேதி மெட்டு ஏறுறீகளாமே. ஜீப்புல பின்னாடியே வர்றேன். என் கண்ணால பாக்கணும். ஏறிட்டீகன்னா அன்னைக்கே நாள் குறிச்சிருவோம்."

"ஏறலைன்னா?"

"இன்ஷா அல்லா ஏறுவீக" என்று மட்டும் சொல்லிவிட்டு வானத்தைப் பார்த்தார்.

ஆக, பந்தயம் இப்போது பந்தயம் மட்டும் இல்லை. மதீனாவே மெட்டில்தான் நிற்கிறாள் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஜூலை 1

பெருநாள். புதுக் கைலி, அத்தர், சேமியா. ஈத் தொழுகையை நின்று தொழுதேன்! குனிந்தேன், மடங்கினேன், எழுந்தேன். வலியே இல்லை. சலாம் கொடுத்த கையோடு பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஆளைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டேன். அவர் இரண்டு மடங்கு பெருநாள் வாழ்த்துச் சொன்னார்.

அத்தா கல்லாப்பெட்டியைத் திறந்து செயினைக் கொடுத்தார். எண்ணெய் போட்டு வைத்திருந்தார்.

ஜூலை 12

ஒரு நாள் ஓட்டம், மறுநாள் நீச்சல், அடுத்த நாள் சும்மா. பாண்டிதான் கட்டுப்படுத்துகிறான். சும்மா இருக்கிற நாளில் நான் கண்மாய்ப் பக்கம் போனால் மண்கட்டியை எடுத்து எறிகிறான்.

ஜூலை 29

முழு மலையும் ஏறிவிட்டேன். எங்கேயும் காலை ஊன்றவில்லை. யாரையும் பிடிக்கவில்லை. 

ஒன்பதாவது வளைவுக்கு மேல் காற்று மாறுகிறது. கீழே புளியமரத்துக் காற்று, மேலே ஏலத்தோட்டத்துக் காற்று. அங்கே வந்ததும் வாய்விட்டுக் கத்தினேன். மலை திரும்பக் கத்தியது. ஜீப்பில் போன பெண்களில் ஒருத்தி, "யாருக்கு என்னாச்சு?" என்று பதறி எட்டிப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை தாயே. சந்தோசம்.

ஆகஸ்டு 14

சோறு இறங்கவில்லை. கால் ஆடிக்கொண்டே இருக்கிறது. "நாளைக்கு ஓட வேண்டிய காலு இன்னைக்கே ஓடுது" என்கிறாள் அம்மா.

ஆகஸ்டு 15

எழுத முடியவில்லை. நாளைக்கு.

ஆகஸ்டு 16

எழுதியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

கண்மாயில் ஒன்பது பேர் குதித்தோம். கரையில் பாதி ஊர். நான் ஐந்தாவதாகக் கரை ஏறினேன். எருமையை எல்லாம் எப்போதோ தாண்டிவிட்டேன். ஈர டவுசரோடு சைக்கிளில் ஏறி முந்தல் வருவதற்குள் இரண்டு பேரைப் பிடித்தேன். ஆறாவது வளைவில் இன்னொருவன். எனக்கு முன்னால் பாண்டி மட்டும்தான். 

பின்னால் ஜீப்பு. முன் சீட்டில் வெள்ளைத் தொப்பி போட்டுக் கனி மாமு. டிரைவர் ராக்கையா மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினான். ஒவ்வொரு வளைவிலும் மாமுவின் தலை வெளியே வந்து என் முழங்காலைப் பார்த்துவிட்டு உள்ளே போனது. கல்யாணத்துக்கு ஆட்டுக்கடா வாங்குகிறவர் கூட இத்தனை தரம் பார்க்கமாட்டார்.

பதினோராவது வளைவில் முழங்கால் லேசாக முனக ஆரம்பித்தது. பயப்படும்படி ஒன்றும் இல்லை. ஆனால் முகம் கோணிவிட்டது போலிருக்கிறது. ஜீப்பு உறுமிக்கொண்டு என் வலது பக்கம் வந்தது. காலைச் சோதிக்க வந்த மனிதர், பாவம், என் முகத்தைப் பார்த்ததும் எல்லாவற்றையும் மறந்துவிட்டார். பாதி உடம்பை வெளியே நீட்டிக் கையைக் கொடுத்தார். "பிடிங்க மாப்ளே! பிடிங்க!"

பிடித்துவிட்டேன்.

சத்தியமாக நான் பிடிக்கவில்லை, கை பிடித்தது. இத்தனை வருசம் இந்த ரோட்டில் நீட்டிய கையை எல்லாம் பிடித்து ஏறிய கை. அதுவும் மாமனார் கை. வேண்டாம் என்று சொல்வது எப்படி? கால் சும்மா இருக்க, சைக்கிள் மிதந்தது. ஆகா, என்ன சுகம்! இரண்டு வளைவு அப்படியே போனோம். மாமு என்னைப் பார்த்துச் சிரித்தார், நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன். 

பிறகுதான் உறைத்தது. செல்லாது.

சுருளி மோட்டார் பைக்கில் மெட்டுக்குப் போய்விட்டான். பாண்டி முன்னால் எங்கேயோ. பின்னால் ஆள் இல்லை. யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் எனக்குத் தெரியுமே. ஒரே ஒரு பந்தயம்தான் வாழ்க்கையில் என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஒன்றையும் ஜீப்பைப் பிடித்தா முடிப்பேன்?

"விடுங்க மாமு" என்றேன். "இருக்கட்டும் மாப்ளே, எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல" என்று இன்னும் இறுக்கிப் பிடித்தார். "விடுங்க மாமு!" விடவில்லை. உதறினேன். சைக்கிளைத் திருப்பினேன். பிடித்த இடத்துக்கே போய் மறுபடியும் ஏறிவிடுவது என்று கீழ்நோக்கி விட்டேன்.

பின்னால் மாமுவின் குரல் மலை முழுவதும் கேட்டது. "ராக்கையா! மாப்பிள்ளை ஓடிப் போறாரு! வண்டியைத் திருப்பு!" அந்த ரோட்டில் ஜீப்பைத் திருப்புவதா? குறுக்கே நின்றது. மேலிருந்து வந்த லோடு லாரி ஆரன் அடித்தது. கீழிருந்து மிதித்து வந்த பையன்கள் என்னைப் பார்த்து, "எங்கண்ணே போறீக? மெட்டு அந்தப் பக்கம்!" என்று கத்தினார்கள். எனக்கு ஒரு பக்கம் அழுகை, ஒரு பக்கம் சிரிப்பு. பதினோராவது வளைவில் காலை ஊன்றித் திருப்பி, முதலிலிருந்து மிதித்தேன்.

ஜீப்பு இன்னும் குறுக்கேதான் நின்றது. மாமு இறங்கி ரோட்டோரம் நின்றிருந்தார். மூச்சு இரைக்க, "அஸ்ஸலாமு அலைக்கும் மாமு" என்றேன். மலையைப் பார்த்துக்கொண்டு பதில் சலாம் சொன்னார். என்னைப் பார்க்கவில்லை.

மெட்டில் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன். இறக்கம் முழுவதும் ஓடினேன், நான் விழுந்த அந்தப் பாறையில் மட்டும் உட்கார்ந்து இறங்கினேன். கால் சொன்ன பேச்சைக் கேட்டது. முந்தலில் எனக்குப் பின்னால் ஒரே ஒரு ஆள்தான் மிச்சம், அவனுக்கும் செயின் அறுந்துபோனதுதான் காரணம். பாண்டி முதல். என்னைக் கட்டிப்பிடித்தான், இரண்டு பேரும் நாறினோம். நடந்ததைச் சொன்னேன். சுருளி வாயைப் பிளந்தான். "யாருமே பாக்கலையேடா. ரெண்டாவது பரிசை விட்டுட்டு வந்து நிக்கிற. மடையா, மடையா."

பரவாயில்லை. நீந்தினேன், ஏறினேன், ஓடினேன். முழுக்க முழுக்க என் காலால்! முந்தலில் எனக்கு யாரும் மாலை போடவில்லை. போட்ட மாதிரிதான் நடந்தேன்.

ஜீப்பு மட்டும் முந்தலுக்கு வரவில்லை. வேறு வழியாகக் கம்பம் போய்விட்டதாம். நாளும் குறிக்கவில்லை.

ஆகஸ்டு 21

கம்பத்திலிருந்து பேச்சில்லை. அக்காதான் வந்து சொன்னாள். கால் பற்றி இப்போது மாமு ஒன்றும் சொல்வதில்லை. "நான் நீட்டுன கையை உதறிட்டுப் போனவரு. டிரைவர் பாக்க, லாரிக்காரன் பாக்க உதறிட்டுப் போனாரு" என்கிறாராம். இது காலை விடப் பெரிய கோளாறு.

மதீனா ஒன்றும் சொல்லி அனுப்பவில்லையா என்று கேட்டேன். வீட்டில் கெடுபிடியாம், அக்காவால் பார்க்கவே முடியவில்லையாம்.

நேரில் போய்க் காலில் விழட்டுமா? ஆனால் எதற்காக? தப்பு என்று எனக்குத் தோன்றவில்லையே. தோன்றாமல் மன்னிப்புக் கேட்டால் அதுவும் ஒரு ஜீப்புப் பிடிக்கிற வேலைதான்.

ஆகஸ்டு 22

ஓடினேன். நன்றாக ஓட வந்தது. அது கூட எரிச்சலாக இருந்தது.

ஆகஸ்டு 27

ஏலக்காய் ஏலம். புதுக் காய் வரத் தொடங்கிவிட்டதால் கூட்டம். கனி மாமுவும் வந்திருந்தார். எப்போதும் அத்தா பக்கத்தில் உட்காருகிறவர் இன்று எதிர் மூலையில் போய் உட்கார்ந்தார். தட்டுத் தட்டாகக் காய் சுற்றி வந்தது, எல்லோரும் உள்ளங்கையில் போட்டுத் தேய்த்து மோந்தார்கள். எனக்கு எந்த வாசமும் தெரியவில்லை.

ஏலம் முடிந்ததும் அத்தா எழுந்து நேராக அவரிடம் போனார். ஓட்டத்தைப் பற்றி நாலு மாதமாக என்னை ஒரு வார்த்தை மெச்சாத அத்தா. நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். 

"கனி, ரெண்டு வருசத்துக்கு முந்தி உனக்கு ஒரு மூட்டை அனுப்பிட்டு, மறுநா நானே பஸ்சு ஏறி வந்து திருப்பி எடுத்துட்டுப் போனேனே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"எதுக்கு எடுத்தேன்?"

"பழைய காய் கலந்து போச்சுன்னீக."

"நீ கண்டுபிடிச்சியா?"

"இல்ல. நான் மூட்டையைப் பிரிக்கவே இல்லையே."

"நீ பாக்கலைன்னு நான் சும்மா இருந்தேனா? அதைத்தான்யா இவன் செஞ்சிருக்கான். அந்தப் பந்தயத்துல வண்டியைப் பிடிச்சா கலப்படம். யாரும் பாக்காத ரெண்டு வளைவைக் கொண்டுபோயி, எடுத்த இடத்துலயே வச்சுட்டு வந்திருக்கான். உன் கையை உதறலை."

மாமு உள்ளங்கையில் இருந்த காயைத் தட்டில் போட்டார். பிறகு மெதுவாக, "அப்ப பிடிக்கக் கூடாதுன்னு சட்டமா?" என்றார். அத்தா ஆமாம் என்றார். "அப்ப... நான் கையை நீட்டுனதாலதான் மாப்பிள்ளை தோத்தாரா?" அத்தா அதற்கும் ஆமாம் என்றார். மாமு தலையில் கை வைத்துக்கொண்டார். "அடக் கொடுமையே. இதை நான் ஊரெல்லாம் வேற மாதிரில்ல சொல்லி வச்சிருக்கேன்."

தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். திடீரென்று தோள் குலுங்கியது. சிரிக்கிறார்! "அப்படிப் பாத்தா நான் இழுத்துட்டுப் போன ரெண்டு வளைவையும் திரும்பப் போயி தன் காலாலேயேல்ல ஏறியிருக்காரு. நான் பாக்க வந்தது அந்தக் காலைத்தானே! எங்க அவரு? தூணுக்குப் பின்னாடி நிக்கிறது அவருதானே? வாங்க மாப்ளே, வெளிய வாங்க!"

போனேன். கையை நீட்டினார். இந்தத் தடவை விடவே இல்லை நான்.

நாள் குறித்தாயிற்று, செப்டம்பர் 16!!! அத்தாவை நடு ரோட்டில் கட்டிப்பிடித்தேன். "விடுடா, வேர்வை" என்றார். விடவில்லை.

செப்டம்பர் 16

கபூல், சம்மதம் என்று மூன்று தரம் சொன்னேன். நாலாவது தரமும் சொல்லப் போனேன், நிக்காஹ் ஓதிய ஹஜ்ரத் தொடையில் கிள்ளினார்.

செப்டம்பர் 20

மதீனா தன் டிரங்குப் பெட்டியைத் திறந்து சேலைகளுக்கு அடியிலிருந்து எதையோ எடுத்து என் மேல் எறிந்தாள். பருத்தித் துணியில் தைத்த இரண்டு கால்சட்டைகள். கணுக்கால் வரைக்கும் நீளம், இடுப்பில் நாடா.

"அத்தா அரை டவுசர்தான வேணாம்னாக" என்றாள். "இது முழு டவுசர்."

எப்போது தைத்தாய் என்று கேட்டேன். கெடுபிடி நடந்த அந்த வாரத்திலாம். வீட்டில் யாரும் யாரோடும் பேசாததால் தைக்க நல்ல தோதாக இருந்ததாம். கல்யாணம் நின்று போயிருந்தால் என்ன செய்திருப்பாய் என்றதற்கு, அளவு வேறு யாருக்கும் சேராது என்று சொல்லிவிட்டுப் பெட்டியை மூடினாள்.

செப்டம்பர் 23

முழு டவுசர் போட்டுக்கொண்டு முந்தல் வரை ஓடினேன். ஊர் பார்த்தது. ஜீப்பில் போன பெண்கள் விசில் அடித்தார்கள். சுருளி அடுத்த வருசப் பந்தயத்துக்கு இப்போதே என் பெயரை எழுதிவிட்டான். முதலில் மதீனாவைக் கேட்டேன். "என்னைக் கேக்காதீக, காலைக் கேளுங்க" என்றாள்.

செப்டம்பர் 30

வெயில் ஏறிவிட்டது. பாண்டி வாசலில் வந்து சைக்கிள் மணி அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டானாம். கால் நன்றாக இருக்கிறது, மழையும் இல்லை, மலை பளிச்சென்று தெரிகிறது. 

ஓட்டத்துக்கு எழுப்ப வேண்டிய அலாரம் இன்று அடிக்கவில்லை. புதுப் பெண்தான் பொத்தானை அமுக்கி வைத்திருக்கிறாள் என்று அம்மா அடுப்படியில் கேலி செய்கிறாள். மதீனா இல்லை இல்லை என்று சத்தியம் செய்கிறாள், யாரும் நம்பவில்லை.

அமுக்கி வைத்தது நான்.